காற்று ஏறினால் சின்னப் பாய்ப்படகை எப்படிச் சமாளிப்பது? கேள்வி பதில்

வடசென்னைக் கடலில் பாய்ப்படகு பழகுகிறவர்கள் கேட்டவை, என் பதில்களோடு.

ராயபுரம் தம்பி: அண்ணா, காற்று ஏறினதும் என் லேசர் (ஒருவர் ஓட்டும் சின்னப் பாய்ப்படகு) சாய்ந்துகொண்டே காற்றைப் பார்த்துத் திரும்புகிறது. டில்லரை (சுக்கானின் கைப்பிடியை) இழுத்து இழுத்துக் கை வலிக்கிறது.

டில்லரோடு மல்லுக்கட்டாதே. படகு ரொம்பச் சாய்ந்தால் சுக்கானில் பாதி தண்ணீருக்கு வெளியே வந்துவிடும், நீ எவ்வளவு இழுத்தாலும் அதற்குப் பிடி கிடைக்காது. முதலில் மெயின்ஷீட்டை (பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை) கொஞ்சம் விடு, உடம்பை வெளியே தள்ளு, படகு நிமிர்ந்த பிறகு மெல்ல இழு. 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) காற்று 14 நாட் ஆனால் நாலு தானே கூடியது என்று தோன்றும், ஆனால் பாயில் விழும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. உன் பாயோ அதே 7.06 சதுர மீட்டர். உடம்பு எடை குறைவு என்றால் 5.76 சதுர மீட்டர் ரேடியல் பாயை, அதற்கான குட்டைப் பாய்மரத்தோடு மாட்டிக்கொண்டு போ, அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

திருவொற்றியூரிலிருந்து: ஜூன், ஜூலையில் சில காலைகளில் காற்று பலமாக இருந்தாலும் கரையோரம் தண்ணீர் தட்டையாக இருக்கிறதே, இறங்கலாமா சார்?

வேண்டாம். அது கச்சான், மேற்குக் காற்று. நம் கரை கிழக்கே பார்த்தது, மேற்கிலிருந்து வரும் காற்றுக்குக் கரையோரம் அலை எழுப்ப இடமில்லை, உள்ளே போகப் போகத்தான் தூக்கும். போகும்போது சுகமாகத் தள்ளிக்கொண்டு போகும், திரும்புகிற வழி முழுக்க எதிர்க்காற்று. கயிறு ஒன்று அறுந்தாலும் கடலுக்குள்தான் இழுத்துப் போகும். மதியக் கடல்காற்றில் அலை இருந்தாலும் அது கரைப் பக்கம் தள்ளும், பழகுகிறவருக்கு அதுவே மேல். அப்போதும் கூடவே ஒரு மோட்டார் படகு இருக்கட்டும்.

எண்ணூர் தங்கை: பலத்த காற்றில் ஜைப் (காற்று பின்னாலிருக்கப் பாயை மறுபக்கம் மாற்றித் திரும்புவது) செய்தாலே கவிழ்ந்துவிடுகிறேன் அண்ணா.

செய்யாதேம்மா, காற்றுக்கு எதிராகச் சுற்றி டாக் செய்து திரும்பு. கட்டாயம் என்றால் படகு வேகமாக ஓடும்போது செய், அப்போதுதான் பாயில் அழுத்தம் குறைவு. பயந்து வேகத்தைக் குறைத்தால்தான் பூம் (பாயின் அடிப்பக்கக் கம்பு) பலமாக வீசும்.

காசிமேடு: கவிழ்ந்தால் நீந்திக் கரைக்கு வந்துவிடலாமா? எனக்கு நல்ல நீச்சல் தெரியும்.

படகை விட்டு நகரவே கூடாது. கரை பக்கத்தில் இருப்பது போலத்தான் தெரியும், தேடி வருகிறவர்களுக்குப் படகு தெரியும், தலை தெரியாது. மெயின்ஷீட்டையும், பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கிக்கரையும் தளர்த்திவிட்டு, படகின் மூக்கைக் காற்றைப் பார்க்க வைத்து, படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையான சென்டர்போர்டில் ஏறி நின்று நிமிர்த்துங்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே போட்டு வாரை இறுக்கியிருக்க வேண்டும், தண்ணீரில் விழுந்த பிறகு அதை மாட்டுவது பெரும்பாடு.