ரெண்டு ஜாக் வைத்தால் எஃபெக்ட்ஸ் லூப் ஆகிவிடுமா?

கேள்வி: என்னிடம் ஜேசிஎம் 800 வரிசையில் வந்த மார்ஷல் 2204 ஹெட் (ஸ்பீக்கர் தனியாக இருக்கும் கிட்டார் ஆம்ப்) இருக்கிறது. துபாயிலிருந்து ஊர் திரும்பிய மாமா பையன் கொடுத்தது. சர்ச்சில் வாசிக்கிறேன். கெய்னை ஏற்றி வைத்து, டிலே பெடலை ஆம்புக்கு முன்னால் சொருகினால் எல்லாம் குழம்பிக் கூச்சலாகக் கேட்கிறது. "எஃபெக்ட்ஸ் லூப் போட்டால் சரியாகிவிடும், ரெண்டு ஜாக்தான், மூவாயிரம் ரூபாய், ஒரே நாளில் முடித்துத் தருகிறேன்" என்கிறார் இங்குள்ள ஒருவர். போடலாமா? ஆம்பின் மதிப்பு குறையுமா? நானே போட முடியுமா? - கோவை வாசகர்

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். நீங்களே போட வேண்டாம். ப்ளக்கைப் பிடுங்கினால் கரண்ட் இல்லை என்ற கணக்கு, கண்ணாடிக் குழாய் போன்ற வால்வுகளில் ஓடும் ஆம்பில் செல்லாது. உங்கள் 2204-க்குள் ஓடுவது 400 வோல்ட்டுக்கு மேற்பட்ட டிசி. பெரிய ஃபில்டர் கண்டென்சர்கள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆஃப் செய்து வெகுநேரம் ஆன பிறகும் ஆளைத் தூக்கியடிக்கிற அளவுக்கு மிச்சம் இருக்கலாம். அதை எப்படி வடிப்பது, முழுக்க வடிந்ததா என்று மீட்டரில் எப்படிப் பார்ப்பது என்பதையெல்லாம் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று காட்டித்தர வேண்டும். எழுத்தில் படித்துவிட்டுக் கை வைக்கிற இடம் அது இல்லை.

இனி உங்கள் குழப்பத்துக்கு வருவோம். டிலே என்பது நீங்கள் வாசித்ததை மறுபடி மறுபடி தேய்த்துச் சொல்வது. அதை ஆம்புக்கு முன்னால் வைத்தால் புது நோட்டும் பழைய நோட்டின் எதிரொலியும் சேர்ந்தே வால்வுக்குள் போய் நசுங்குகின்றன. வால்வு ஏற்கெனவே உச்சியில் முட்டிக்கொண்டு நிற்பதால், அடங்கி ஒலிக்க வேண்டிய எதிரொலியும் நோட்டுக்குச் சமமாகத் தலைதூக்கும். கடைசியில் தூவ வேண்டிய கொத்தமல்லியைத் தாளிக்கும்போதே எண்ணெயில் போட்டுக் கருக்கிய கதைதான். டிஸ்டார்ஷன் என்கிற கரகரப்பு முதலில், டிலேயும் அறை எதிரொலி போன்ற ரிவெர்ப்பும் அதற்குப் பிறகு. அந்த வரிசைக்காகத்தான் சிக்னலை முதலில் பெருக்கி டோன் சேர்க்கும் பிரீஆம்ப் முடிந்து, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் பகுதி தொடங்கும் இடத்தில் எஃபெக்ட்ஸ் லூப் என்று ஒரு வாசலைத் திறந்து விடுகிறார்கள். வெளியே போகும் வழி சென்ட், உள்ளே வரும் வழி ரிட்டர்ன். ஆக, லூப் வேண்டும் என்ற உங்கள் எண்ணத்தில் தப்பில்லை.

"ரெண்டு ஜாக்தான்" என்கிறாரே, அதில்தான் கோளாறு. இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது.

2204-ல் டோன் குமிழ்களைத் தாண்டிய சிக்னல் நேராக 1 மெகஓம் மாஸ்டர் வால்யூமுக்குப் போகிறது. அங்கிருந்து, பவர் வால்வுகளுக்குச் சிக்னலை இரண்டாகப் பிரித்துத் தரும் ஃபேஸ் இன்வெர்ட்டர் வால்வுக்கு. உங்கள் ஆள் செய்யப்போவது, அந்த வயரை வெட்டி இரண்டு நுனியிலும் ஆளுக்கொரு ஜாக்கைச் சால்டர் செய்வது. வேலை முடிந்ததும் சத்தம் வரும், நீங்களும் பணம் கொடுத்துவிடுவீர்கள். வீட்டுக்கு வந்து நிதானமாகக் கேட்டால்தான் கிட்டாரின் மேல் தலையணை வைத்த மாதிரி இருப்பது புரியும்.

காரணம் எளிது. அந்த இடத்தில் சிக்னலுக்கு வோல்ட்டேஜ் உண்டு, தள்ளும் சக்தி இல்லை. மாஸ்டர் குமிழின் தடம் பாதியில் நிற்கும்போது அதற்குப் பின்னால் தெரியும் தடை 250 கிலோஓம். ஆம்பிலிருந்து பெடலுக்கு 3 மீட்டர், திரும்பி வர 3 மீட்டர் கேபிள் என்று வையுங்கள். சாதாரணக் கிட்டார் கேபிளில் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் வாக்கில் கெப்பாசிட்டன்ஸ் இருக்கும். பெடலை அணைத்து ட்ரூ பைபாஸில், அதாவது சிக்னல் பெடலின் சர்க்யூட்டைத் தொடாமல் நேரே கடக்கும்படி விட்டால் மொத்தம் 600. இந்த இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதெல்லாம் சரிய ஆரம்பிக்கும். கிட்டாரின் கூர்மை, பளபளப்பு எல்லாம் அதற்கு மேலேதான் இருக்கிறது. கணக்கு புரியாவிட்டாலும் பரவாயில்லை. 'கேபிள் ட்ரெபிளைத் தின்றுவிடும்' என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது அளவு. கிட்டாரிலிருந்து வருவது பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்குள் அடங்கும். டிலே பெடல் அதற்காகச் செய்யப்பட்டது. 9 வோல்ட்டில் ஓடும் பெடலுக்குள் சிக்னல் மேலும் கீழும் சுமார் 4 வோல்ட்டுக்கு மேல் போகவே முடியாது. கெய்ன் ஏற்றிய 2204-ல் டோன் பகுதியைத் தாண்டி வருவது அதைவிடப் பல மடங்கு. பெடல் கதறும். ஆம்பின் இனிமையான டிஸ்டார்ஷனுக்கு மேல் பெடலின் கரகரப்பு ஒரு பூச்சாக ஏறும். இதைச் சொல்லிக்கொண்டு நீங்கள் திரும்பப் போனால், "வால்வு வீக் ஆயிடுச்சு சார்" என்று புது செட் ஒன்றை உங்கள் தலையில் கட்டுவார். லூப்பில் வந்த கோளாறுக்கு வால்வு விற்கும் இந்தத் தொழில் அமோகமாக நடக்கிறது.

அப்படி லூப் போட்டதாகச் சொன்ன ஒரு ஆம்பைத் திறந்து பார்த்தேன். காலிங் பெல்லுக்கு இழுக்கிற வயர். ஷீல்டு இல்லை. அது பவர் வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டர் வயரோடு கைகோத்து சேசிஸ் என்கிற உலோகச் சட்டம் முழுக்க நடந்து போய் பின்பக்க ஜாக்கில் முடிகிறது. ஹீட்டரில் 6.3 வோல்ட் ஏசி ஓடுகிறது. 'ம்ம்ம்' என்ற ஹம் இரைச்சல் வராமல் வேறு என்ன வரும்? அந்த ஹம்மைப் போக்கத்தான் பவர் கார்டின் எர்த் பின்னை வெட்டிவிட்டிருந்தார்கள். எர்த்தை வெட்டச் சொல்கிற ஆளிடமிருந்து ஆம்பை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அது ஆளைக் கொல்லும் வேலை.

முறையான லூப்புக்கு மூன்று வேலை. டோன் பகுதி முடிந்ததும் சிக்னலுக்குத் தெம்பு கொடுத்துக் கேபிளில் தள்ள வேண்டும், பெடல் தாங்கும் அளவுக்குக் குறைக்க வேண்டும், திரும்பி வந்ததும் பழைய அளவுக்கு ஏற்ற வேண்டும். கூடுதலாக ஒரு ஈசிசி83 வால்வைப் போட்டு, அதன் ஒரு பாதியால் தள்ளி மறு பாதியால் ஏற்றலாம். அல்லது எல்என்டி150 போன்ற, 500 வோல்ட் தாங்கும் மாஸ்ஃபெட்டுகளை (ஒரு வகை ட்ரான்சிஸ்டர்) வைத்த சின்ன போர்டு போதும். 'சுத்த வால்வு லூப்' என்று சொல்லி இரண்டு மடங்கு காசு கேட்பார்கள். என்னைக் கேட்டால் உங்களுக்கு மாஸ்ஃபெட் போர்டே மேல். ஹீட்டர் சுமை இல்லை, சேசிஸில் வால்வு சாக்கெட்டுக்குப் பெரிய ஓட்டை வேண்டாம், ஒலியில் வித்தியாசம் சொல்லவும் முடியாது.

வால்வுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் ஒரு கணக்கைப் பாருங்கள். உங்கள் ஆம்பில் இரண்டு ஈஎல்34 பவர் வால்வு, ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் ஹீட்டர் கரண்ட் இழுக்கும். மூன்று ஈசிசி83, தலா 0.3. மொத்தம் 3.9. இன்னொன்று சேர்த்தால் 4.2. கம்பெனி ட்ரான்ஸ்ஃபார்மர் இதைப் பொதுவாகத் தாங்கும். நம் ஊரில் ரீவைண்ட் செய்ததாக இருந்தால் உள்ளே என்ன கம்பி சுற்றினார்கள் என்பது சுற்றியவருக்கே ஞாபகம் இருக்காது. அப்படியானால் கூடுதல் வால்வு பேச்சே வேண்டாம்.

லூப்பை மாஸ்டர் வால்யூமுக்கு முன்னால் போடச் சொல்லுங்கள். பின்னால் போட்டால் நீங்கள் மாஸ்டரைக் குறைக்கும்போது பெடலுக்குப் போகும் சிக்னல் குறையும், பெடலின் இரைச்சல் குறையாது. சர்ச்சில் ஜெபம் நடக்கும் அமைதியில் ஸ்பீக்கர் 'ஸ்ஸ்ஸ்' என்று கொண்டிருக்கும். முன்னால் போட்டால் மாஸ்டரைக் குறைக்கும்போது இரைச்சலும் கூடவே இறங்கிவிடும்.

லூப் போட்டும் பயனில்லாத விதிவிலக்குகள் நிறைய. அவற்றை விடுங்கள், இந்த ஒன்றை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் காசைத் தொலைக்கிறார்கள். லூப் பிரீஆம்புக்கும் பவர் பகுதிக்கும் நடுவில் இருக்கிறது. உங்கள் டிஸ்டார்ஷன் பிரீஆம்பில் பிறந்தால்தான் லூப் அதற்குப் 'பிறகு' வரும். மாஸ்டர் வால்யூமே இல்லாத பழைய மார்ஷல் 1959, ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் போன்றவற்றில் நாம் விரும்பும் அந்தக் கரகரப்பில் பெரும்பங்கு ஃபேஸ் இன்வெர்ட்டரிலும் பவர் வால்விலும்தான் பிறக்கிறது. அது லூப்பின் ரிட்டர்னுக்கு அப்புறம் இருக்கிறது! எவ்வளவு செலவு செய்து எவ்வளவு அழகாக லூப் போட்டாலும் டிலே மறுபடியும் டிஸ்டார்ஷனுக்கு முன்னால்தான் நிற்கும். நம்பாவிட்டால் டீலக்ஸ் ரிவெர்ப்பின் வால்யூமை நன்றாக ஏற்றி, அதில் இருக்கிற ரிவெர்ப்பையும் போட்டுப் பாருங்கள். கம்பெனியே உள்ளே வைத்த ரிவெர்ப்கூடச் சேறாகும், காரணம் இதேதான். அந்த ஆம்புகளுக்கு வழி, ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலியை மைக்கில் பிடித்து அதன் மேல் எஃபெக்ட் போடுவது, இல்லையென்றால் ஸ்பீக்கர் அவுட்டை, ஸ்பீக்கருக்குப் பதிலாகச் சுமை தாங்கும் லோட் பாக்ஸ் வழியாக எடுத்து வேறொரு பவர் ஆம்பில் கொண்டுபோவது. ஜாக் வைத்து எதுவும் ஆகாது. "எந்த ஆம்புக்கும் லூப் போடுவோம்" என்று எழுதி வைத்திருக்கிற ஆட்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள்.

உங்கள் 2204-ல் இரண்டும் நடக்கலாம். சோதித்துப் பாருங்கள். கெய்னை ஏற்றி, மாஸ்டரைப் பேச்சுச் சத்தம் அளவுக்கு இறக்குங்கள். அப்போதும் நீங்கள் விரும்பும் டிஸ்டார்ஷன் கிடைக்கிறது என்றால் அது பிரீஆம்பில் பிறந்தது, லூப் பயன் தரும். மாஸ்டரைச் சுவர் அதிர ஏற்றினால்தான் பிடித்த டோன் வருகிறது என்றால் லூப் உங்களுக்குக் கால்வாசிதான் உதவும். சர்ச் ஆர்க்கெஸ்ட்ராவில் அவ்வளவு சத்தம் வைக்க விடமாட்டார்கள் என்பதால் நீங்கள் முதல் வகை என்றே நினைக்கிறேன்.

மதிப்பு குறையுமா? குறையும். 1981 முதல் ஜேசிஎம் 800 பெயரில் வந்த 2204, உள்ளே கை படாமல் இருந்தால் சேகரிப்பவர்கள் தேடி வாங்குவார்கள். சேசிஸில் துளை போட்டால் அதை யாராலும் திரும்ப அடைக்க முடியாது. துளை போடாமல் செய்கிறேன் என்று சிலர் இரண்டாவது ஸ்பீக்கர் ஜாக்கின் ஓட்டையை லூப்புக்கு எடுத்துக்கொள்வார்கள். இதற்கு ஒருநாளும் சம்மதிக்காதீர்கள். இருட்டு மேடையில் யாராவது ஸ்பீக்கர் கேபிளை அந்த ஜாக்கில் சொருகிவிட்டால் ஆம்ப் சுமையே இல்லாமல் ஓடி, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடும். வாங்கப் போகிறவர்களுக்கும் ஒன்று: "ஒரிஜினல் 2204, கம்பெனி லூப்போடு" என்று புரோக்கர் சொன்னால் அது பொய். அந்தக் காலத்தில் லூப் இருந்தது இரட்டைச் சேனல் 2205, 2210 மாடல்களில். மறுவெளியீடாகப் பிறகு வந்த 2203-ல் லூப் உண்டு, அதைப் பழசு என்று விற்பவர்களும் உண்டு.

ஒரு ஆறுதல், 2204-ன் சர்க்யூட் வரைபடம் யாருக்கும் எளிதில் கிடைக்கும். புது ஆம்புகளுக்கு அதுகூட இல்லை. சர்வீஸ் சென்டரில் கேட்டால் போர்டை மொத்தமாக மாற்று, மூன்று மாதம் காத்திரு என்பதுதான் பதில். லூப்பில் எத்தனை வோல்ட் வெளியே வருகிறது என்று பின்பக்கத்தில் ஒரு வரி அச்சடிக்கவும் பல கம்பெனிகளுக்கு மனசு வராது. லூப் உள்ள ஆம்பில் திடீரென்று சத்தம் குறைந்தால்கூட அங்கே வால்வைத்தான் மாற்றுகிறார்கள். கடற்கரை ஊர்களில் ரிட்டர்ன் ஜாக்கின் உள்தொடர்பு களிம்பேறுவது சகஜம். சென்ட்டிலிருந்து ரிட்டர்னுக்கு ஒரு சின்ன கேபிளைச் சொருகுங்கள். சத்தம் திரும்பி வந்தால் கோளாறு ஜாக்கில். கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு பீச்சினால் தீர்ந்தது.

இதெல்லாம் செய்வதற்கு முன், ஒரு பைசா செலவில்லாத வழி உங்களிடமே இருக்கிறது. சர்ச்சில் ஆம்பின் முன்னால் மைக் வைத்து மிக்ஸருக்குத்தானே எடுக்கிறார்கள்? மிக்ஸரிலேயே டிலேயும் ரிவெர்ப்பும் இருக்கும். டிஸ்டார்ஷன் எல்லாம் முடிந்து ஸ்பீக்கரிலிருந்து வந்த ஒலியின் மேல் அது உட்காரும், நீங்கள் கேட்கும் வரிசை அதுதான். மானிட்டரில் உங்களுக்கும் கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்கள். இன்னொரு வழி, ஆம்பைச் சுத்தமாக வைத்து, டிஸ்டார்ஷன் பெடல், அதன் பின் டிலே என்று அடுக்குவது. மார்ஷலின் டிஸ்டார்ஷன் போய்விடுமே என்பீர்கள். சரிதான், ஆனால் சேசிஸும் பிழைக்கும்.

ஒரு மாதம் அப்படி வாசித்தும் மனசு ஆறவில்லை என்றால் மட்டும் லூப். அந்த ஆளிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: சென்ட்டை எது தள்ளுகிறது, அளவை எங்கே குறைத்து எங்கே ஏற்றுகிறீர்கள், என்ன செய்தீர்கள் என்று வரைந்து தருவீர்களா. மூன்றாவது கேள்விக்கு முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள். ஆம்பைக் கொண்டுபோகும்போது ஸ்பீக்கர் கேபினெட்டையும் கூடவே ஏற்றிக்கொண்டு போங்கள், பின்பக்கத்து ஓம் செலக்டர் கேபினெட்டோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் 'சும்மா ஒரு தடவை ஆன் பண்ணிப் பார்த்தேன்' என்பவர்களால்தான் நல்ல ட்ரான்ஸ்ஃபார்மர்கள் ரீவைண்ட் கடைக்குப் போகின்றன.