பத்து நாள்ல மடகாஸ்கர்: மேப்ல தெரியுற கிலோமீட்டரை நம்பாதீங்க

கேள்வி: ஜூலைல பத்து நாள் லீவு இருக்கு. நான், வீட்டுக்காரர், 61 வயசு அம்மா மூணு பேரும் மடகாஸ்கர் போறோம். லெமூர்ங்கிற குரங்கு மாதிரி மிருகம், பாவோபாப் மரம், இறந்தவங்களை கல்லறைலேருந்து எடுத்து கொண்டாடுற திருவிழா, மூணும் பாக்க முடியுமா? அம்மா சுத்த சைவம், முட்டி வலி வேற. (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: முதல் ரெண்டும் தாராளமா பாக்கலாம், மூணாவதுக்கு யாராவது கூப்பிடணும். அத கடைசில சொல்றேன்.

டிக்கெட் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு. நிறைய பேர் அடிஸ் அபாபா இல்லன்னா நைரோபி வழியா போவாங்க, ஆனா எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் லிஸ்ட்ல இருக்குற நாடுங்க, அங்க இறங்கி தங்கிட்டு வந்தா ஊசி போட்ட சர்டிபிகேட் கேப்பாங்க, அதுவும் ஊசி போட்டு பத்து நாள் கழிச்சுதான் செல்லும். அறுபது தாண்டினவங்களுக்கு அந்த ஊசியே டாக்டரைக் கேட்டுட்டுத்தான் போடணும். அதனால அம்மாவுக்காக மொரீஷியஸ் வழியா டிக்கெட் கிடைக்குதான்னு பாருங்க, கொஞ்சம் காசு கூட ஆனாலும் பரவால்ல. மலேரியா மாத்திரை பத்தியும் அதே டாக்டர்கிட்ட கேட்டுடுங்க.

அடுத்தது ரோடு. தலைநகர் அண்டனானரிவோவ அங்க எல்லாரும் டானான்னுதான் சொல்வாங்க, அங்கேருந்து அண்டசிபே காடு சுமார் 150 கிலோமீட்டர்தான், ஆனா லாரியும் பள்ளமுமா நாலு மணி நேரத்துக்குக் கம்மியா போக முடியாது. பாவோபாப் இருக்குற மோரோண்டாவா மேற்கு கடற்கரைல சுமார் 700 கிலோமீட்டர், கார்ல ரெண்டு நாள். முட்டி வலியோட அது வேண்டாம், உள்ளூர் விமானம் புடிங்க. ஆனா அந்த விமானம் நேரம் மாறும், நாளே கூட மாறும். அதனால ஊர் திரும்புற ஃப்ளைட்டுக்கு முந்தின நாள் முழுசா டானால சும்மா இருக்குற மாதிரி வச்சுக்கங்க.

நான் போடுற கணக்கு இதுதான்: அண்டசிபேல மூணு ராத்திரி, மோரோண்டாவால மூணு, மிச்சம் டானாலயும் வழிலயும் போயிடும். ஊசி ஊசியா நிக்கிற சிங்கி சுண்ணாம்புப் பாறை, இசாலோ தேசியப் பூங்கா எல்லாம் ஆசைப்படாதீங்க.

அண்டசிபேக்கு மூணு ராத்திரி எதுக்குன்னா, இந்த்ரி. இப்ப உயிரோட இருக்குற லெமூர்லயே பெருசு, கருப்பு வெள்ளை, வால்னு பேருக்கு ஒரு குச்சம்தான், கூண்டுல வச்சா பொழைக்காது, அதனால எந்த ஜூலயும் பாக்க முடியாது. காலைல ஏழு எட்டு மணிக்கு காட்டுக்குள்ள நிக்கும்போது எங்கேயோ ஒண்ணு கத்த ஆரம்பிக்கும், சங்கு ஊதுற மாதிரி இழுத்து இழுத்து ஏறும், அது முடியறதுக்குள்ள அடுத்த மலைலேருந்து இன்னொரு குடும்பம் பதில் கொடுக்கும். தலைக்கு மேல இருக்குற மரத்துலயே கத்துச்சுன்னா நெஞ்சுக்கூடு அதிரும். மழை பெஞ்சா அதுங்க கம்முனு உக்காந்துக்கும், அதுக்குத்தான் ஸ்பேர் நாள். பார்க்குக்குள்ள கைடு இல்லாம விடமாட்டாங்க, அம்மாவுக்கு சின்ன ரூட்டா கேளுங்க, பாதை வழுக்கும், கைத்தடி எடுத்துட்டுப் போங்க. ஸ்வெட்டர் மறந்துடாதீங்க, ஜூலை அங்க குளிர்காலம்.

பாவோபாப் சாலைல மரம் 30 மீட்டர் உயரம் இருக்கும், ஜூலைல இலை இருக்காது, ஆனா சாயங்கால வெயில்ல மொட்டையா நிக்கிறதுதான் அழகே. சாயங்காலம் டூரிஸ்ட் கூட்டம் ஜாஸ்தி, விடியக்காலைல போனா மாட்டு வண்டியும் நீங்களும் மட்டும்தான்.

இப்ப அந்த திருவிழா. பேரு ஃபமடிஹானா. மெரினா, பெட்சிலியோங்கிற ரெண்டு இனத்து மக்கள் மேட்டு நிலத்துல ஜூன், ஜூலைலேருந்து செப்டம்பர் வரைக்கும் நடத்துறது. சில வருஷத்துக்கு ஒரு தடவை பெரியவங்க எலும்பை எடுத்து புது பட்டுத்துணி சுத்தி, பேண்ட் வாத்தியத்தோட தூக்கி ஆடுவாங்க, வீட்டு சேதி எல்லாம் அவங்ககிட்ட சொல்வாங்க. இது டிக்கெட் ஷோ இல்ல, ஒரு குடும்பத்தோட விசேஷம். கைடு மூலமா அழைப்பு வந்தா மட்டும் போங்க, மொய் மாதிரி கொஞ்சம் பணம் குடுங்க, கேக்காம போட்டோ எடுக்காதீங்க. அழைப்பு வரலன்னா விட்டுடுங்க. அங்க ஃபடின்னு ஊருக்கு ஊர் தடை உண்டு, கல்லறையை விரல் நீட்டிக் காட்டுறது அதுல ஒண்ணு, விரலை மடக்கி, அந்த விரல் முட்டியாலதான் காட்டணும்.

சாப்பாட்டுக்கு அம்மா கஷ்டப்பட மாட்டாங்க, மூணு வேளையும் சோறுதான், "ட்ஸி மிஸி ஹேனா"ன்னு சொன்னா கறி இல்லாமன்னு அர்த்தம், பீன்ஸ் குழம்பு கேளுங்க. தெருவுல விக்கிற சம்போஸ் நம்ம சமோசாதான், ஆனா உள்ள பெரும்பாலும் கறி, ஜாக்கிரதை. காலைல கரி அடுப்புல குழிச்சட்டி வச்சு மோஃபோ காசி சுடுவாங்க, அச்சு அசல் நம்ம இனிப்புப் பணியாரம். குடிக்க ரானோவோலா கேளுங்க, சோறு வெந்த பானை அடில புடிச்ச காந்தல்ல தண்ணி ஊத்தி கொதிக்க வச்சது, வெதுவெதுப்பா தீஞ்ச வாசனையோட இருக்கும், கொதிச்ச தண்ணிங்கிறதால வயித்துக்கும் பயமில்ல.