வியட்நாம் காலப் படைவீரர் இரட்டையர் பதிவேடு: கேள்வி பதில்

கேள்வி: படையில் இருந்த லட்சக்கணக்கானவர்களுள் இரட்டையர்களை எப்படிக் கண்டுபிடித்தார்கள், ஐயா?

பதில்: அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறைக்காக 1980களில் இப்பதிவேட்டை உருவாக்கியவர்கள், பாதுகாப்புத் துறையின் கணினிக் கோப்பில் குடும்பப்பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருந்து முதற்பெயர் மட்டும் வேறுபட்டவர்களைப் பொறுக்கியெடுத்து, பின்னர் பணிக்கோப்புகளைப் பார்த்து உறுதிசெய்தனர். 1939 முதல் 1957 வரை பிறந்து, 1964க்கும் 1975க்கும் இடையில் இருவருமே படையில் பணியாற்றிய ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண் இணைகள் அவ்வாறு கிடைத்தன.

கேள்வி: ஒரே கருமுட்டை பிரிந்து பிறந்த ஒருகரு இரட்டையரா, தனித்தனிக் கருமுட்டைகளிலிருந்து பிறந்த இருகரு இரட்டையரா என்பதை நேரில் பார்க்காமலே தீர்மானிக்க முடியுமா?

பதில்: பெருமளவுக்கு முடியும். சிறுவயதில் உங்கள் இருவரையும் பிறர் அடையாளம் மாற்றிக் குழம்பியதுண்டா என்பது போன்ற கேள்விகளுக்கு வந்த விடைகளையும் படைக்கோப்பில் இருந்த இரத்த வகையையும் சேர்த்துப் பார்த்தே முதலில் பிரித்தனர். டிஎன்ஏ சோதனை பின்னர் வந்தது.

கேள்வி: சகோதரர்களில் ஒருவர் விலகிக்கொண்டால் மற்றவரின் தகவல் வீண்தானா?

பதில்: வீணாகாது, ஆனால் இப்பதிவேட்டின் பெரும் பலம் இணையாக ஒப்பிடுவதில்தான் உள்ளது. 2002இல் வெளியான ஓர் ஆய்வு, போர்முனைக்குச் சென்றவர்களையும் செல்லாத அவர்களுடைய ஒருகரு சகோதரர்களையும் மூளை ஸ்கேன் மூலம் ஒப்பிட்டது. போர் அதிர்ச்சியால் கடும் மனநோய்க்கு ஆளானவர்களுக்கு நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் பகுதி சிறியதாக இருந்தது. போரையே காணாத சகோதரருக்கும் அவ்வாறே இருந்தது. அதிர்ச்சிதான் அப்பகுதியைச் சுருக்கியது என்ற கருத்துக்கு மாறாக, அது முன்பே சிறியதாக இருந்து நோய்க்கு இடம்கொடுத்திருக்கலாம் என்று கருத இதுவே வழிவகுத்தது. போர்முனைக்குச் செல்லாத சகோதரர் வர மறுத்திருந்தால் இது தெரியவே வந்திராது. அதற்காக ஒருவரைக் கொண்டு மற்றவரை வற்புறுத்துவது தகாது: சம்மதம் அவரவருடையது, ஒருவர் சொன்னது மற்றவர் காதுக்குப் போகவே கூடாது.

கேள்வி: இப்போது பராமரிப்பில் எது கடினம்?

பதில்: முகவரியும் மரணச் செய்தியும்தான். இவர்களில் மூத்தவர்கள் 85 வயதைக் கடந்துவிட்டனர். ஒவ்வொரு கடிதச் சுற்றுக்கும் முன்னர் தேசிய இறப்புப் பதிவுகளோடு பெயர்ப்பட்டியலை ஒப்பிடாவிட்டால், உடன்பிறந்தவனை இழந்த வீட்டுக்கு அவன் பெயரிலேயே வினாத்தாள் போய்ச் சேரும். அந்தக் குடும்பம் அதன்பின் நம் உறையைப் பிரிக்குமென்று எதிர்பார்க்க இயலாது. தமக்குப் பிறகு தம் இரத்த மாதிரியை என்ன செய்யலாம் என்பதையும் அவர்கள் இருக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும்.