கேளையாட்டின் ஆறு குரோமோசோம்கள்: கொழிஞ்சாம்பாறைத் தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூ முடித்த மகள் நீட் தேர்வை மறுபடியும் எழுத மறுத்து, விலங்குகளின் குரோமோசோம்களை, அதாவது அணுக்களுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் இழைகளைப் பற்றித்தான் படிப்பேன் என்று நிற்பதாகவும், இந்தப் படிப்புக்கு எங்கே வேலை இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பரம்பிக்குளம் முகாமில் கேளையாடு என்னும் சிறு மானைப் பற்றிக் கேட்டதிலிருந்துதான் இந்த எண்ணம் வந்தது என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்கு உங்கள் மகள்மேல் மதிப்புக் கூடிற்று.

உங்கள் பக்கத்தில் கேழமான் என்று சொல்லும் அந்த விலங்கில், பெண்ணுக்கு 6 குரோமோசோம்கள், ஆணுக்கு 7. பாலூட்டிகளில் இதைவிடக் குறைந்த எண்ணிக்கை அறியப்படவில்லை. அதன் நெருங்கிய உறவான சீனக் கேளையாட்டுக்கோ 46. பழைய குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிக்கொண்டதால் எண்ணிக்கை இப்படிச் சுருங்கியது. சிம்பன்சிக்கு 48 இருக்க நமக்கு 46 மட்டும் இருப்பதற்கும் இத்தகைய இணைவே காரணம். நம்முடைய 46-ஐயே 1956-இல் சியோ, லெவான் என்ற இரு ஆய்வாளர்கள்தான் சரியாக எண்ணினார்கள். அதுவரை பாடநூல்களில் 48 என்றே இருந்தது.

குரோமோசோம் ஆய்வுத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான மைக்கேல் ஒயிட் 1910-இல் லண்டனில் பிறந்து, இத்தாலியில் வளர்ந்து, பின்னாளில் ஆஸ்திரேலியாவின் இறக்கையற்ற வெட்டுக்கிளிகளின் குரோமோசோம்களை ஒப்பிட்டு, ஓர் இனம் இரண்டாகப் பிரிவது எப்படி என்பதைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். வெட்டுக்கிளிக்காக ஒரு வாழ்நாளா என்று கேட்காதீர்கள். அவ்வளவு பொறுமையைக் கேட்கும் தொழில் இது.

வேலையையும் கிட்டத்தில் பார்த்துவிடுங்கள். மனித இரத்த அணுக்களை 37 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ மூன்று நாள் வளர்த்து, கோல்சிசின் சேர்த்துப் பிரியும் நிலையிலேயே நிறுத்தி, நீர்த்த உப்புக் கரைசலில் ஊதவைத்து, கண்ணாடித் தகட்டில் சொட்டாக விட்டு, சாயமேற்றி, எண்ணெய் லென்ஸின்கீழ் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். (தாராபுரம், மூலனூர்ப் பக்கம் பயிராகும் கண்வலிக்கிழங்கின் விதையிலிருந்து எடுப்பதும் இதே கோல்சிசின்தான்.) பார்க்கும் அணுக்களில் பல, குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்து எண்ணவே முடியாதவையாக இருக்கும். சலிக்காமல் அடுத்த தகட்டை எடுப்பவருக்கே இது ஒத்துவரும்.

இனி வழி. ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனம்) நடத்தும் ஐஏடி நுழைவுத் தேர்வு எழுதினால் திருவனந்தபுரம் அல்லது திருப்பதி ஐசரில் ஐந்தாண்டு பிஎஸ்-எம்எஸ் படிக்கலாம். எனக்கு இதுவே முதல் தேர்வு. கிடைக்காவிட்டால் நல்ல ஆய்வகம் உள்ள கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல், பிறகு எம்.எஸ்சி. சேர ஜாம் நுழைவுத் தேர்வு. சேருமுன் நுண்ணோக்கி அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பூட்டியே கிடக்கும் அறையானால் வேறு கல்லூரி பாருங்கள். அடுத்து, முனைவர் பட்ட ஆய்வுக்கான சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வு. அதன் உயிரியல் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ் மீடியத்தில் படித்தவரென்றால் முதலாண்டிலிருந்தே ஆங்கிலப் பாடநூலைப் பழக வேண்டும். அதில் ஜேஆர்எஃப் என்னும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய்.

மறைக்காமல் சொல்கிறேன்: முனைவர் பட்டம் முடிய இன்றிலிருந்து பத்து ஆண்டுக்குக் குறையாது, நிலையான பதவி அதற்கும் பிறகுதான். இடையில் நிறுத்தினாலும் படித்தது வீணாகாது. டவுன் சிண்ட்ரோம், சில வகை இரத்தப் புற்றுநோய் ஆகியவற்றைக் கண்டறியும் ஆய்வகங்களில் குரோமோசோம் பரிசோதனை அன்றாட வேலை. தொடக்கச் சம்பளம் பெரிதல்ல, ஆனால் கைத்திறன் உள்ளவருக்கு அங்கே மதிப்புண்டு.

உங்களைப் போன்ற கேரள-தமிழக எல்லைப் பகுதிக் குடும்பங்கள் தவறவிடுவது இடஒதுக்கீட்டுச் சான்றிதழைத்தான். மகள் ஓபிசி பிரிவில் வருவாரானால், மத்திய அரசுப் படிவத்தில் கிரீமி லேயர் (வசதி மிக்க பிரிவு) அல்லாதவர் சான்றிதழை உங்கள் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகா அலுவலகத்தில் நடப்பு நிதியாண்டுத் தேதியோடு வாங்கிவையுங்கள். மாநிலப் படிவத்தைக் கொண்டுபோய் நின்றால் சேர்க்கையின்போது ஏற்க மாட்டார்கள்.