வெள்ளைச் சாஸும் ஸ்பானிஷும்

அன்புள்ள சார்,

என் மகன் அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில் இருக்கிறான். போன மாதம் போயிருந்தபோது பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்றார்கள். 1955-ஆம் வருடத்து உயர்நிலைப் பள்ளி ஆண்டு மலர் ஒன்றை ஒரு டாலருக்கு வாங்கினேன். ஏப்ரன் கட்டிய பெண்கள் அடுப்பு முன்னால் நிற்கிறார்கள். பையன்கள் மரம் இழைக்கிறார்கள். நீலச் சட்டை போட்ட விவசாயப் பையன்கள், டைப்ரைட்டர் வரிசை, ஸ்பானிஷ் கிளப், லத்தீன் கிளப் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. என் பிள்ளை இஞ்சினியர், ஆனால் பொத்தான் தைக்கத் தெரியாது. அவர்கள் இவ்வளவு நல்ல படிப்பை வைத்திருந்து ஏன் விட்டார்கள்? நமக்கு ஏன் இது கிடைக்கவில்லை?

(கோவை வாசகி. பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள அம்மா,

ஒரு டாலருக்கு நல்ல வியாபாரம். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது.

முதலில் ஏப்ரன் பெண்கள். வகுப்பின் பெயர் ஹோம் எகனாமிக்ஸ், பிள்ளைகள் வாயில் ஹோம் எக். யாரோ ஒரு மாமியார் யோசித்து வைத்த பாடம் போலத் தெரியும். ஆனால் தொடங்கி வைத்தவர்களில் முக்கியமானவர் எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் என்ற வேதியியலாளர். அமெரிக்காவின் பேர்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரியான எம்.ஐ.டி.யில் சேர்த்துக்கொள்ளப்பட்ட முதல் பெண். மாசசூசெட்ஸ் மாநிலத்துத் தண்ணீரை ஊர் ஊராகப் பரிசோதித்தவர். வேதியியல் படித்த பெண்ணுக்கு ஆய்வுக்கூடத்தில் லேசில் இடம் கிடைக்காத காலம் அது. சரி, அடுப்படியையே ஆய்வுக்கூடமாக்குவோம் என்று அவரும் அவரைப் போன்றவர்களும் 1899-இல் நியூயார்க் மாநிலத்து லேக் பிளாசிட்டில் கூடிப் பேசினார்கள். உங்கள் ஆண்டு மலர் வரைக்கும் வந்தது அந்தப் பேச்சுதான்.

அதனால்தான் அந்த வகுப்பில் வெள்ளைச் சாஸ் என்கிற பால் குழம்பு அப்படி ஒரு இடம் பிடித்தது. ஒரு கப் பாலுக்கு இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி மைதா. கரண்டியில் குவிந்து நிற்கும் மாவைக் கத்தியால் வழித்து மட்டமாக்க வேண்டும். கண்ணளவு, கையளவெல்லாம் நடக்காது. வெண்ணெய் உருகியதும் மாவைப் போட்டுக் கிளறி, பிறகு பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். கொழுப்பு பூசிக்கொண்ட மாவுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டாது, கட்டி தட்டாது. இரண்டுக்குப் பதில் ஒவ்வொரு கரண்டி என்றால் சூப்புக்கு ஆகும். மூன்று மூன்று போட்டால் கெட்டிப்படும். ரவையை நெய்யில் புரட்டிவிட்டுத் தண்ணீர் விடுகிற உங்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. ஏன் அப்படிச் செய்கிறோம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள், அதுதான் புதிது. தையலில் முதல் வேலை பெரும்பாலும் ஏப்ரன். அதைத் தைத்து, அதையே கட்டிக்கொண்டு அடுப்புக்குப் போவார்கள். படத்தில் இருப்பவை அவர்களே தைத்தவையாக இருக்கலாம், தையலை உற்றுப் பாருங்கள்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? 1917-இல் வந்த ஸ்மித்-ஹியூஸ் சட்டம். விவசாயம், கைத்தொழில், வீட்டு நிர்வாகம் ஆகியவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்களின் சம்பளத்துக்கு மத்திய அரசு பணம் தந்தது. விவசாயம் எடுத்த பையன் வருடத்தில் ஆறு மாதமாவது ஒரு பண்ணையில் கைப்பட வேலை செய்தாக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. ஒரு பன்றிக்குட்டியை வளர்த்து, தீவனச் செலவை நோட்டில் எழுதி, விற்று வந்த காசையும் காட்ட வேண்டும். அந்த நீலக் கார்டுராய் சட்டை 1928-இல் தொடங்கிய 'ஃபியூச்சர் ஃபார்மர்ஸ் ஆஃப் அமெரிக்கா' சங்கத்தின் சீருடை. அந்தப் படத்தில் ஒரு பெண்கூட இருக்க வாய்ப்பில்லை. 1969-இல்தான் பெண்களைச் சங்கத்தில் சேர்த்தார்கள். தென் மாநிலங்களில் கறுப்பினப் பையன்களுக்கு 'நியூ ஃபார்மர்ஸ்' என்று தனிச் சங்கம், 1965 வரை.

டைப்ரைட்டர் வரிசையைப் பார்த்ததும் எனக்கு என் டைப்பிங் இன்ஸ்டிட்யூட் ஞாபகம் வந்துவிட்டது. எழுத்தில்லாத விசைகள், சுவரில் விசைப்பலகைப் படம், குனிந்து பார்த்தால் அதட்டல். அங்கும் இப்படித்தான் கற்றுத் தந்தார்கள். சுருக்கெழுத்து மட்டும் வேறு. நாம் முட்டி மோதியது பிட்மன். கோட்டை அழுத்தினால் ஓர் ஒலி, லேசாக இழுத்தால் வேறோர் ஒலி. அவர்கள் கற்றது கிரெக். அழுத்தம் கிடையாது, வளைவும் நீளமும்தான் கணக்கு. அந்த வரிசையில் உட்கார்ந்த பெண்களுக்குப் படிப்பு முடிந்த கையோடு வேலை கிடைக்க வழியிருந்தது. மலரில் இருக்கும் வகுப்புகளில் என் ஓட்டு இதற்குத்தான்.

இனி நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே எல்லாரும் எல்லாம் படிக்கவில்லை. ஸ்மித்-ஹியூஸ் சட்டம் உருவாக முக்கியக் காரணமாக இருந்த சார்ல்ஸ் பிராசர் 1945-இல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். நூற்றுக்கு இருபது பேர் கல்லூரிக்குப் போகட்டும், இருபது பேர் திறன் தொழிலுக்குப் போகட்டும், மிச்சம் அறுபது பேருக்கு 'வாழ்க்கையோடு பொருந்திப் போகும்' படிப்பு வேண்டும் என்றது அது. யார் எந்த இருபதில் விழுவது என்பதில் அறிவுத்திறன் சோதனைத்தாளுக்கும் பள்ளி ஆலோசகருக்கும் பெரிய பங்கு. அப்பா என்ன வேலை பார்க்கிறார், தோல் என்ன நிறம் என்பதெல்லாம் தாளில் இல்லாமலே கணக்கில் சேர்ந்துகொண்டது.

மொழி வகுப்பில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். லத்தீன் கிளப், கல்லூரிக்குப் போகிறவர்கள் கூடுமிடம். ஜெர்மன் கிளப் உங்கள் மலரில் இருக்கிறதா? 1915-இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் ஜெர்மன் படித்தார்கள். முதல் உலகப் போர் வந்தது. 1922-இல் அது ஒரு சதவீதம்கூட இல்லை. நெப்ராஸ்காவில் ஒரு சிறுவனுக்கு ஜெர்மனில் வாசிக்கக் கற்றுத் தந்ததற்காக ஆசிரியர் ஒருவருக்கு அபராதமே போட்டார்கள். உச்ச நீதிமன்றம் 1923-இல் அந்தத் தண்டனையை ரத்து செய்தது.

உங்கள் மலர் அச்சாகி இரண்டு வருடம் கழித்து ரஷ்யர்கள் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவினார்கள். அமெரிக்கர்கள் அலறிப் புடைத்துக்கொண்டு 1958-இல் ஒரு கல்விச் சட்டம் கொண்டுவந்தார்கள். பள்ளிகளுக்கு டேப் ரெக்கார்டர், ஹெட்ஃபோன், தடுப்பு வைத்த மேசைகள் வந்தன. ஒலிநாடா சொல்லச் சொல்லப் பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். பல்கலைக்கழகங்களில் அதிகம் கற்பிக்கப்படாத மொழிகளுக்கும் அதே சட்டத்தில் ஒரு பங்கு இருந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தமிழ் வகுப்புகள் காலூன்ற அந்தப் பணமும் உதவியது. ஸ்புட்னிக்குக்கு நாமும் ஒரு கும்பிடு போடலாம்.

ஆனால் ஸ்பானிஷ் கிளப் படத்தைப் பார்த்தால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் வெள்ளைக்காரப் பிள்ளை வகுப்பில் ஸ்பானிஷ் பேசினால் மதிப்பெண். மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளை அதையே விளையாட்டு மைதானத்தில் பேசினால் பல பள்ளிகளில் அடி. அந்தப் பிள்ளைகளைக் கல்லூரிப் பாடத்துக்கு அனுப்பாமல், பையனென்றால் ஷாப் (மரவேலை மாதிரிப் பட்டறை வகுப்பு), பெண்ணென்றால் ஹோம் எக் என்று தள்ளிவிட்டார்கள். 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியே நடந்தார்கள். இருமொழிக் கல்வி வேண்டும், கல்லூரிக்கான பாடம் வேண்டும் என்று கேட்டார்கள். கூட நின்ற லிங்கன் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் சால் காஸ்ட்ரோவைக் கைது செய்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மரவேலைமேல் ஒரு கோபமும் இருந்திருக்காது. அதைத் தவிர வேறு கதவில்லை என்றால்தான் கோபம் வரும்.

ஏன் விட்டார்கள் என்று கேட்டீர்கள். முழுக்க விடவில்லை. 1972-இல் பால் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1975-இல் அதன் விதிகள் வந்த பிறகு ஹோம் எக்குக்குப் பெண், ஷாப்புக்குப் பையன் என்று பிரிக்க முடியாது. பையன்களும் வெள்ளைச் சாஸ் கிளறினார்கள். அப்புறம் கல்லூரி மோகம், செலவு என்று பல இடங்களில் அந்த அறைகள் மெல்ல மூடப்பட்டன. எனக்கு அதில் வருத்தம்தான். எல்லாரையும் எல்லா அறைக்குள்ளும் விட ஆரம்பித்த கொஞ்ச காலத்தில் அறைகளே குறைந்துபோயின.

பொத்தானுக்கு அமெரிக்கச் சட்டமெல்லாம் வேண்டாம், அடுத்த வீடியோ காலில் ஊசியும் நூலும் எடுத்து வரச் சொல்லுங்கள். அப்படியே அந்த ஸ்பானிஷ் கிளப் படத்தையும் மரவேலை வகுப்புப் படத்தையும் கைபேசியில் எடுத்து எனக்கு அனுப்புங்கள். இரண்டிலும் இருக்கிற முகம் ஒன்றாவது உண்டா என்று பார்க்க வேண்டும்.