பெரிய உரையை டேபிளிலேயே வைத்தால் எல்லா வினவலும் மெதுவாகுமா?

தரவுத்தளத்தின் ஒரு டேபிளில் டெக்ஸ்ட் வகை நெடுவரிசை வைத்து முழுக் கட்டுரைகளையும் அதில் போட்டால், தலைப்பை மட்டும் எடுக்கும் வினவலும் மெதுவாகுமா என்பதுதானே கேள்வி? போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் பெரும்பாலும் ஆகாது.

அது தரவைப் 'பக்கம்' என்ற அலகுகளாகச் சேமிக்கிறது; ஒரு பக்கம் வழக்கமாக 8 கேபி, ஒரு வரிசை இரண்டு பக்கங்களில் பரவ முடியாது. அதனால் வரிசை சுமார் 2 கேபியைத் தாண்டினால் 'டோஸ்ட்' என்ற ஏற்பாடு வேலையைத் தொடங்கும்: முதலில் பெரிய மதிப்பைச் சுருக்கிப் பார்க்கும், அப்படியும் அடங்கவில்லை என்றால் அதைச் சுமார் 2000 பைட் துண்டுகளாக வெட்டித் தனி டேபிளில் போட்டுவிட்டு, மூல வரிசையில் 18 பைட் சுட்டியை மட்டும் வைக்கும். கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு டோக்கனோடு உள்ளே போவது மாதிரி.

ஆக, அந்த நெடுவரிசையைக் கேட்காத வினவல் அந்தத் துண்டுகளைத் தொடவே தொடாது. அப்டேட் செய்யும்போதும் அந்த மதிப்பு மாறவில்லை என்றால் பழைய துண்டுகளே அப்படியே இருக்கும், இது பலருக்குத் தெரியாத நல்ல விஷயம். ஆனால் சோம்பலில் 'செலக்ட் ஸ்டார்' (எல்லா நெடுவரிசைகளையும் கேட்கும் வினவல்) எழுதினால் எல்லாத் துண்டுகளையும் சேர்த்து, விரித்து, அனுப்பத்தான் வேண்டும். மெதுவாக இருக்கிறது என்று புலம்புபவர்களில் பாதிப் பேர் இந்த ரகம்தான்.

சரி, டெக்ஸ்டுக்குப் பதில் வார்சார் 5000 (5000 எழுத்து வரை மட்டும் ஏற்கும் வகை) போட்டால்? சேமிப்பில் ஒரு வித்தியாசமும் இல்லை, நீளச் சோதனை மட்டும் கூடுதல்.

மையெஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியிலும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான், அங்கே பக்கம் வழக்கமாக 16 கேபி, 'டைனமிக்' என்ற வரிசை வடிவத்தில் சுட்டி 20 பைட்.