தொடரில் எழுத்து எங்கே இருக்கிறது?

கேள்வி: ஓடிடி தொடர்களுக்கு விமர்சனம் எழுதி வருகிறேன். கதைச் சுருக்கம், நடிப்பு, ஒளிப்பதிவு, பின்னணி இசை, கடைசியில் ஐந்துக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண். எழுதி முடித்துப் படித்தால் எல்லா விமர்சனமும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது. ‘திரைக்கதை விறுவிறுப்பு’, ‘நடுவில் கொஞ்சம் லேக்’ என்பதைத் தாண்டி எழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல வரவில்லை. நடிப்பு கண்ணுக்குத் தெரிகிறது, இசை காதில் விழுகிறது. எழுத்தை எப்படிப் பார்ப்பது? அதற்குத் திரைக்கதை எழுதப் படித்திருக்க வேண்டுமா? ஸ்பாய்லர் இல்லாமல் அதைப் பற்றி எழுத முடியுமா?

பதில்: படித்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. திரைக்கதைப் பாடங்களைக் கரைத்துக் குடித்தவர்கள் எழுதும் விமர்சனங்களையும் பார்க்கிறேன். திருப்பம் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று அளந்து சொல்வார்கள். அது நம்மை ஏன் உலுக்கியது, அல்லது ஏன் உலுக்கவில்லை என்று சொல்ல மாட்டார்கள்.

எழுத்து என்றதும் நீங்கள் வசனத்தைத் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். வசனம் அதில் ஒரு பகுதிதான். ஒரு விஷயத்தை யாருக்கு முதலில் தெரிய வைப்பது, யாரிடம் கடைசி வரை மறைப்பது, எந்த இடத்தில் எபிசோடை நிறுத்துவது, யார் வீட்டுக்குள் போகவே கூடாது என்ற முடிவுகள்தான் மீதி. ஒவ்வொரு முடிவிலும் ஒன்றை வாங்க இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. எதை வாங்கினார்கள், எதை விட்டார்கள் என்று சொல்லிவிட்டால், நீங்கள் எழுத்தைப் பற்றி எழுதிவிட்டீர்கள்.

‘அடோலசன்ஸ்’ பார்த்திருப்பீர்கள். 2025 மார்ச்சில் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. நான்கே எபிசோடுகள். எழுதியவர்கள் ஜாக் தார்ன், ஸ்டீபன் கிரஹாம். கூடப் படித்த பெண்ணைக் கொன்றதாக 13 வயதுப் பையனைப் போலீஸ் கைது செய்கிறது. ஒவ்வொரு எபிசோடும் வெட்டே இல்லாத ஒரே ஷாட். நிறைய விமர்சனங்கள் இந்த ஒரே ஷாட்டைப் பார்த்து வாய் பிளந்ததோடு நின்றுவிட்டன. நியாயமான வியப்புதான். ஆனால் வெட்ட முடியாது என்பது, கேமராக்காரருக்கு முன்னாலேயே, எழுதுகிறவருக்கு வந்த தலைவலி. ‘இதே நேரத்தில் அங்கே’ என்று தாவ முடியாது. பிளாஷ்பேக் கிடையாது. நடுவில் ஒரு மணி நேரத்தை விழுங்கிவிட்டு அடுத்த காட்சிக்குப் போக முடியாது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கதை போக வேண்டுமென்றால் யாராவது நடந்துதான் போக வேண்டும். அவர் நடப்பதற்குக் கதைக்குள்ளேயே ஒரு காரணமும் வேண்டும்.

இதனால் என்ன கிடைத்தது என்று முதல் எபிசோடில் பாருங்கள். ஸ்டேஷனில் விவரம் பதிவது, வக்கீல் வருவது, அப்பா கூட இருக்கச் சம்மதிப்பது, உடையைக் களைந்து சோதனை போடுவது எல்லாம் வரிசையாக வருகின்றன. வேறு தொடராக இருந்தால் அரை நிமிடத்தில் பறந்துவிடும் சடங்குகள் இவை. இங்கே தாண்டிப் போக வழியில்லாததால் அந்த நடைமுறையே கதையாகிவிடுகிறது. சோதனை நடக்கும்போது கேமரா அப்பாவின் முகத்திலேயே நிற்கிறது. அந்த எபிசோடில் எனக்கு மிகவும் கனமாக இருந்த இடம் அதுதான்.

அடுத்த முடிவு இன்னும் துணிச்சலானது. கொலைக் கதை என்றால் ‘செய்தது யார்’ என்ற கேள்வியைக் கடைசி எபிசோட் வரை இழுத்துக்கொண்டு போவது வழக்கம். பார்க்கிறவரை நகரவிடாமல் உட்கார வைப்பதே அந்தக் கேள்விதான். இவர்கள் முதல் எபிசோட் முடிவதற்குள் அதன் கணக்கை முடித்துவிடுகிறார்கள். கையில் இருந்த ஒரே துருப்புச் சீட்டை முதல் ஆட்டத்திலேயே இறக்கிவிட்டு, மீதி மூன்று எபிசோடுகளையும் ‘ஏன்’ என்ற ஒன்றை வைத்தே ஓட்டுகிறார்கள்.

மூன்றாவது எபிசோட் ஏழு மாதம் கழித்து நடக்கிறது. பெரும்பகுதி ஓர் அறை, இரண்டு பேர்: பையனும், அவனைச் சந்திக்க வரும் உளவியல் நிபுணரும். அவர் தன் சாண்ட்விச்சில் பாதியை அவனுக்குத் தருகிறார். இரண்டாம் முறை பார்க்கும்போது அந்தப் பாதி சாண்ட்விச்சை மட்டும் கவனியுங்கள். முதலில் அது கரிசனம். அல்லது கரிசனம் போலத் தெரியும் ஒரு தொழில் உத்தி. பிறகு அவன் கடித்து வைத்த மிச்சம். கடைசியில், அவன் போன பிறகு, அதைத் தொட அவருக்குக் கை வரவில்லை. அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஒரு வரி வசனம் கிடையாது. உணர்ச்சியை ஒரு பொருளின் மேல் ஏற்றிவிட்டு, பொருளைத் திரும்பத் திரும்பக் காட்டுவது பழைய வித்தைதான். குளோஸப்புக்கு வெட்டிப்போக முடியாத ஷாட்டில் அதைச் செய்ய, மேஜைக்கு அது எப்போது வருகிறது, யார் கைக்கு எட்டுகிறது என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். ‘நடிப்பு பிரமாதம்’ என்று நீங்கள் எழுதக்கூடிய காட்சி இது. நடிப்பு பிரமாதம்தான். அதற்கு இடம் போட்டுக் கொடுத்தது எழுத்து.

சரி, எதை விட்டுக்கொடுத்தார்கள்? செத்துப்போன பெண்ணை. அவள் வீட்டுப் பக்கமே தொடர் போகவில்லை. இரண்டாவது எபிசோடில் ஒரு பெண் போலீஸ் அதிகாரி, எல்லோரும் பையனைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள், அவளை யாரும் நினைக்கப்போவதில்லை என்ற பொருளில் நொந்துகொள்கிறார். ஆக, எழுதியவர்களுக்குத் தங்கள் தேர்வின் விலை தெரிந்திருக்கிறது. தெரிந்திருந்தால் போதுமா? எனக்குப் போதவில்லை. கதாபாத்திரத்தின் வாயில் ஒரு வரியைப் போட்டு முன்ஜாமீன் வாங்கிக்கொண்டது போல இருந்தது. நீங்கள் நேர்மாறாக வாதிடலாம். அந்த வாதத்தைத்தான் உங்கள் விமர்சனத்தில் படிக்க ஆசைப்படுகிறேன், கதைச் சுருக்கத்தை அல்ல.

பக்கத்தில் ‘வதந்தி’யை வைத்துப் பாருங்கள். ஆண்ட்ரூ லூயிஸ் எழுதி இயக்கியது, 2022, எட்டு எபிசோடுகள். அதிலும் கொல்லப்படுவது ஓர் இளம்பெண், பெயர் வெலோனி. ஆனால் அங்கே எல்லாப் பேச்சும் அவளைப் பற்றித்தான். ஆளுக்கொரு வெலோனியைச் சொல்கிறார்கள். எது அவள், எது ஊர் வாய் என்று போலீஸ் அதிகாரியோடு சேர்ந்து நாமும் தடுமாறுகிறோம். ஒரு தொடர் அவளை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறது, இன்னொன்று அவளை எங்கும் நிறைத்து வைத்தும் பிடிபடாமல் வைக்கிறது. ‘வதந்தி’யும் இதற்கு விலை கொடுக்கிறது: புதிதாக யாராவது வாயைத் திறந்தால் புதிய சந்தேகம் என்று ஆனபிறகு, சிலர் வருவது நம்மைத் திசை திருப்பத்தான் என்பது அவர்கள் பேசி முடிப்பதற்குள் தெரிந்துவிடுகிறது.

இனி ‘லேக்’. மெதுவாகப் போகிறது என்று தோன்றும்போது, அந்தக் காட்சி முடிந்ததும் யாருக்காவது எதாவது மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒருவருக்குப் புதிதாக ஒன்று தெரிந்திருக்கலாம், ஒருவர் மனம் மாறியிருக்கலாம், நாம் ஒருவரைப் பார்க்கும் விதம் மாறியிருக்கலாம். எதுவுமே இல்லையென்றால் அதையே எழுதுங்கள், எந்தக் காட்சி என்றும் சொல்லுங்கள். ஆனால் மெதுவாகப் போவதே நோக்கமாக இருக்கும் இடங்களும் உண்டு. ‘தி பிட்’ தொடரின் முதல் சீசனில் 15 எபிசோடுகள். மருத்துவமனையின் அவசரப் பிரிவில் காலை 7 மணிக்குத் தொடங்கும் ஒரே ஷிஃப்ட், எபிசோடுக்கு ஒரு மணி நேரம். மகனுக்கு மூளைச்சாவு என்பதை ஏற்க முடியாத ஒரு தம்பதி அதில் வருகிறார்கள். வழக்கமான மருத்துவமனைத் தொடரில் ஒரே எபிசோடுக்குள் அழுது, தேறி, கையெழுத்தும் போட்டிருப்பார்கள். இங்கே பல எபிசோடுகளுக்கு அவர்கள் வந்து வந்து போகிறார்கள். இன்னொரு சோதனை, மறுபடி அதே கேள்வி. கதை நகரவில்லை என்று தோன்றும். மறுப்பிலிருந்து சம்மதத்துக்கு வர மனிதருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை யாரும் வாயால் சொல்வதில்லை. அந்த நேரத்தையே நம்மிடமிருந்து வாங்கிக்கொள்கிறார்கள்.

அதே கடிகாரம்தான் இந்தத் தொடரைப் பல இடங்களில் மாட்டியும் விடுகிறது. டாக்டர்கள் வீட்டுக்குப் போவதே இல்லை என்பதால் அவர்களுடைய சொந்த வாழ்க்கையெல்லாம் போன் பேச்சாகவும், நடைபாதையில் நின்று கொட்டும் வாக்குமூலமாகவும் வந்து விழுகிறது. ஒரே நாளில் ஒரு மனிதருக்கு இத்தனையும் நடக்குமா என்று சிரிப்புகூட வரும்.

சீசனை ஒரே மூட்டையாகக் கட்டி மதிப்பிடும் பழக்கத்தையும் விடலாம். விளம்பர இடைவேளை இருந்த காலத்தில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு முடிச்சைப் போட்டாக வேண்டும். ஓடிடியில் அந்த நிர்ப்பந்தம் போனது, நல்லதுதான். கூடவே எபிசோடுக்கென்று ஓர் உருவம் வேண்டும் என்ற நினைப்பும் சிலருக்குப் போய்விட்டது. ‘இது பத்து மணி நேரப் படம்’ என்று பெருமையாகச் சொல்கிறார்கள். ஐந்தாவது எபிசோடில் என்ன நடந்தது என்று கேட்டால் பார்த்தவருக்கு நினைவில்லை.

எபிசோடை வைத்து யோசித்தவர்கள் வேலை எப்படி இருக்கும் என்பதற்கு, ‘ஸ்டார் வார்ஸ்’ உலகில் நடக்கும் ‘ஆண்டோர்’ தொடரின் இரண்டாவது சீசன் இருக்கிறது. ஐந்து சீசனுக்கு யோசித்திருந்த கதையை, தொடரை உருவாக்கிய டோனி கில்ராய் இரண்டோடு முடிக்க வேண்டி வந்தது. மிச்சமிருந்த நான்கு வருடங்களை 12 எபிசோடுகளில் அடக்க, மும்மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஒரு வருடத்தில் சில நாட்களை மட்டும் எடுத்துக்கொண்டார். வெளியானதும் வாரம் மூன்றாகத்தான். நடுவில் காணாமல் போன மாதங்களில் என்ன நடந்தது என்று யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. ஒருவர் இன்னொருவரிடம் பேசும் தொனி மாறியிருக்கிறது, நாம் ஊகித்துக்கொள்கிறோம். சில பேரோடு பழகும் முன்பே அவர்களை இழந்துவிடுகிறோம் என்ற குறையும் இதனால்தான்.

‘செவரன்ஸ்’ இரண்டாவது சீசன், எழுத்து சறுக்குவதற்கும் ஜொலிப்பதற்கும் சேர்த்தே உதாரணம். கதையின் அடிப்படை உங்களுக்குத் தெரியும்: அலுவலகத்துக்குள் இருப்பவனுக்கு வெளி வாழ்க்கை நினைவில்லை, வெளியே வந்தால் அலுவலகம் நினைவில்லை. எட்டாவது எபிசோடில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரே ஒரு கதாபாத்திரத்தின் பின்னால் போகிறார்கள். அதன் முடிவில் வரும் ஒரு தகவலுக்காகத்தான் அத்தனை நேரமும் என்று எனக்குப் பட்டது. கடைசி எபிசோடுக்கு வாருங்கள். ஒரே மனிதனின் இரண்டு பாதிகளும் வீடியோவில் பதிந்து வைத்து மாறி மாறிப் பேசிக்கொள்கிறார்கள். வாசலைத் தாண்டினால் ஆள் மாறுகிறான். ஆரம்பத்தில் ஒரே மரியாதை. அப்புறம் வெளியே இருப்பவன், உள்ளே இருப்பவன் காதலிக்கும் பெண்ணின் பெயரைத் தப்பாகச் சொல்லிவிடுகிறான். அங்கிருந்து பேச்சு கெடுகிறது. கதைக்குப் போட்ட விதியையே சண்டைக்களமாக்கிய அந்தக் காட்சிக்காக அந்த எட்டாவது எபிசோடை மன்னித்துவிட்டேன்.

வசனத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. செய்துகொண்டிருக்கும் காரியத்தை வாயாலும் சொல்லும் ஆட்கள் அதிகமாகிவிட்டார்கள். ‘நான் இப்போது அவனைத் தேடிப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டுத் தேடிப் போகிறார்கள். போனைப் பார்த்துக்கொண்டே தொடர் பார்ப்பவர்களுக்கு வசதி. நிமிர்ந்து உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு அது அவமானம் என்று தயங்காமல் எழுதுங்கள்.

ஸ்பாய்லர் பயத்துக்கு வருகிறேன். உத்தியைச் சொல்ல, விடையைச் சொல்ல வேண்டியதில்லை. ‘மையக் கேள்விக்கு முதல் எபிசோடிலேயே பதில் வந்துவிடுகிறது’ என்று மேலே எழுதினேன். என்ன பதில் என்று எழுதவில்லை. (கெட்டிக்காரர்கள் ஊகித்திருப்பார்கள், அவர்களை ஒன்றும் செய்ய முடியாது.) முடிவைத் தொடாமல் பேசவே முடியாத தொடர் என்றால், முதல் வரியில் எச்சரித்துவிட்டுத் தாராளமாக எழுதுங்கள். பாதி சொல்லிப் பாதி மறைக்கும் விமர்சனம் பார்த்தவருக்கும் உதவாது, பார்க்காதவருக்கும் உதவாது.

அடுத்த தொடருக்கு இப்படிச் செய்து பாருங்கள். உங்களை மிகவும் தொந்தரவு செய்த ஒரு எபிசோடை இரண்டாம் முறை பாருங்கள். கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் அடுத்து என்ன என்ற பதற்றம் இருக்காது. ஒவ்வொரு காட்சியிலும் யாருக்கு என்ன தெரியும், நமக்கு என்ன தெரியும் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புகளை அப்படியே விமர்சனத்தில் இறக்க வேண்டாம். அவற்றில் வித்தியாசமாகத் தெரியும் ஒரு முடிவை எடுத்து, விமர்சனத்தை அதிலிருந்து ஆரம்பியுங்கள். கதைச் சுருக்கம் இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது. மதிப்பெண் வேண்டும் என்று ஆசிரியர் கேட்டால் போட்டுக் கொடுங்கள், அதில் சண்டை வேண்டாம். எழுதியதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.